இருட்டில் இருவர், வெளிச்சத்தில் இருவர்

ஆட்டம் பிறந்த கதை – 17

கேளம்பாக்கம் சந்திப்பில் இறங்கினால் சாலைகள் நான்கு பக்கமும் பிரியும். மேற்கே போனால் வண்டலூர். வடக்கும் தெற்கும் பழைய மாமல்லபுரம் சாலை. ஒரு முனையில் சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடங்கள், மறுமுனையில் திருப்போரூர் முருகன். இந்த வாரக் கதை கிழக்கே போகிறது. கடைத்தெருவைத் தாண்டியதும் உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாய், கழிமுகம். இன்னும் கொஞ்ச தூரத்தில் கோவளம் கடற்கரை.

1750-ன் தொடக்கத்தில் அந்தக் கரையில் ஒரு கோட்டை நின்றது. ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கட்டுவித்தது. சாதத் பந்தர் என்று பெயர். முந்தைய ஆண்டுதான் ஆம்பூர்ப் போரில் நவாப் இறந்திருந்தார். கோட்டையில் அவருடைய ஆட்கள் காவல் இருந்தார்கள். ஒருநாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து நங்கூரம் போட்டு, ஆபத்து என்று அடையாளம் காட்டியது. படகில் போய்ப் பார்த்தவர்களிடம் கப்பல்காரர்கள் கெஞ்சினார்கள்: ஸ்கர்வி நோயில் பாதிக்கு மேல் செத்துவிட்டார்கள், மிச்சமிருப்பவர்களும் கரையில் இறங்காவிட்டால் பிழைக்க மாட்டார்கள். கோட்டை அதிகாரி இரங்கினார். நல்ல கூலி கிடைக்கும் என்ற கணக்கும் இருந்தது. முனகிக்கொண்டும் தள்ளாடிக்கொண்டும் முப்பது நோயாளிகள் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அன்று இரவு முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். எல்லோரும் திடகாத்திரமானவர்கள், எல்லோருடைய உடுப்புக்குள்ளும் ஆயுதம். விடிவதற்குள் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில்.

ஆங்கிலேயக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்த சம்பவம் இது. வீடியோ கேம் வரலாற்றுத் தொடரில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தக் காவலர்களிடம் துப்பாக்கி இருந்தது, மதில் இருந்தது, ஆள்பலமும் இருந்தது. எதிரி உள்ளே வந்துவிட்டான் என்ற ஒரு செய்தி மட்டும் இல்லை. அது இல்லாததால் மற்ற எல்லாம் வீண்.

சென்ற வாரம் கவுன்டர் ஸ்ட்ரைக்கின் கதையைப் பார்த்தோம். அங்கே இரண்டு அணிக்கும் ஒரே மாதிரிக் கண், கிட்டத்தட்ட ஒரே மாதிரித் துப்பாக்கி. யார் முதலில் சுடுகிறாரோ அவருக்கு வெற்றி. இந்த வாரம் அதன் நேர் எதிரான ஒரு குடும்பம். ஒரு பக்கம் ஆயுதம் ஏந்திய காவலர்கள், மறுபக்கம் ஏறக்குறைய வெறுங்கையோடு நுழையும் ஒற்றர்கள். இரண்டு பக்கத்தையும் ஆடுவது மனிதர்கள்.

வெட்சி அணி, கரந்தை அணி

சமனில்லாத இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு நாம் புதியவர்கள் இல்லை. தமிழ் இலக்கணம் போரைப் பேசத் தொடங்குவதே ஒரு திருட்டில்தான். வெட்சிப் பூச் சூடியவர்கள் இரவோடு இரவாகப் போய்ப் பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்ந்துவர வேண்டும். கரந்தைப் பூச் சூடியவர்கள் அதை மீட்க வேண்டும். வெட்சியின் துறைகளில் ஒன்றுக்கு 'வேய்' என்றே பெயர்: முன்னதாக ஒற்றர்களை அனுப்பி, மந்தை எங்கே, காவல் எவ்வளவு என்று அறிந்துவருவது. பகைவரைக் கொன்று குவிப்பது வெட்சியின் முதல் நோக்கம் கிடையாது. மாடு வந்து சேர்ந்தால் போதும். அணிக்கு ஒரு பூ, ஆளுக்கு ஒரு வேலை, எட்டவேண்டிய இலக்கு ஒன்று. இன்றைய கேம் வடிவமைப்பாளரிடம் இதைக் காட்டினால், விதிப்புத்தகம் தயார் என்பார். களத்தில் மாண்ட கரந்தை வீரனுக்கு நடுகல்லும் உண்டு. செங்கம் பக்கம் போனால் பார்க்கலாம்.

தெருவிலும் இதே கணக்குத்தான். கிளித்தட்டில் ஒரு அணி கோட்டின் மேல் நின்று மறிக்கிறது, இன்னொரு அணி கட்டங்களைக் கடக்கிறது. மறிப்பவன் தன் கோட்டை விட்டு நகரக் கூடாது. கடப்பவன் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம், ஆனால் தொடுபட்டால் போச்சு. யாழ்ப்பாணத்தில் இதையே தாச்சி என்பார்கள். சென்னைப் பிள்ளைகள் கண்ணாமூச்சிக்கு வைத்த பெயர் இன்னும் சுவாரசியம்: ஐஸ் பாய். ஐஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'நான் உளவு பார்க்கிறேன்' என்று பொருள்படும் 'ஐ ஸ்பை' என்ற ஆங்கிலச் சொற்றொடர் நம் தெருவில் உருண்டு உருண்டு ஐஸ் பாய் ஆகிவிட்டது. உளவாளி எப்போதோ நம் சந்துக்குள் வந்துவிட்டான், பெயர் மாற்றிக்கொண்டு.

பொம்மைக் காவலர்கள்

கணினிக்குள் இந்த ஆட்டம் நுழைந்தபோது காவலனாக நின்றது எந்திரம். 1981-ல் சைலஸ் வார்னர் ஆப்பிள் டூ கணினிக்காக எழுதிய 'காஸில் உல்ஃபென்ஸ்டைன்' ஒரு நாஜிக் கோட்டைக்குள் நம்மை இறக்கிவிட்டது. குண்டு குறைவு, காவலர்கள் அதிகம். செத்த காவலனின் சீருடையை மாட்டிக்கொண்டால் சாதாரணக் காவலர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். கோவளத்து முப்பது பேரின் வித்தை கணினிக்குள் வந்தது அப்படித்தான்.

1987-ல் ஜப்பானில் ஹிடியோ கொஜிமாவிடம் போர் விளையாட்டு ஒன்று செய்யச் சொன்னார்கள். கொடுத்த எம்.எஸ்.எக்ஸ். டூ கணினியோ, திரையில் நாலு எதிரியும் கொஞ்சம் குண்டும் சேர்ந்தாலே திணறியது. சண்டை போட முடியாவிட்டால் சண்டையைத் தவிர்ப்பதையே விளையாட்டாக்குவோம் என்று முடிவு செய்தார். 'மெட்டல் கியர்' பிறந்தது. 1998-ல் வந்த 'தீஃப்' ஒளியையும் ஒலியையும் விதியாக மாற்றியது. இருட்டில் நின்றால் தெரியாது; கம்பளத்தில் நடந்தால் கேட்காது, இரும்புத் தகட்டில் கால் வைத்தால் ஊரே விழிக்கும்.

இந்த ஆட்டங்களிலெல்லாம் ஒரு குறை. காவலன் ஒரே தடத்தில் ரோந்து போவான். சத்தம் கேட்டால் "யாரது?" என்பான். அரை நிமிடம் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்புவான். பக்கத்தில் கூட்டாளி மயங்கிக் கிடந்தாலும் சில ஆட்டங்களில் அவன் கதை அதுதான். நாலு தடவை பார்த்தால் அவன் மணிக்கூண்டுக் கடிகாரம் என்று புரிந்துவிடும். கடிகாரத்தை ஏமாற்றுவதில் எவ்வளவு நேரம் பெருமை இருக்கும்?

மனிதனுக்கு எதிரே மனிதனை வைத்துப் பார்க்கும் முயற்சியும் அப்போதே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் 'மேட்' இதழில் அந்தோனியோ புரோஹியாஸ் என்ற கியூபக் கார்ட்டூனிஸ்ட் கறுப்பு ஒற்றன், வெள்ளை ஒற்றன் என்று இருவரை வரைந்துவந்தார். அவர்களை வைத்து 1984-ல் 'ஸ்பை வெர்சஸ் ஸ்பை' வந்தது. ஒரே தூதரகத்தில் இரண்டு ஒற்றர்கள், திரையை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்து இருவருக்கும் பாதி பாதி. நீங்கள் பொறி வைக்கிறீர்கள். ஆனால் எந்த அலமாரியில் வைத்தீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒளிவு மறைவு ஆட்டத்தை ஒரே திரையில் ஆடுவது, சீட்டை விரித்துவைத்து ரம்மி ஆடுவது மாதிரி. இந்த ஓரக்கண்ணை நினைவில் வையுங்கள். கடைசிவரை நம்மோடு வரப்போகிறது.

ஆல்ப்ஸ் அடிவாரத்திலிருந்து

பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவார ஏரிக்கரை ஊர் அனெசி. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கிளைக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. 2002-ல் அந்நிறுவனத்தின் மான்ட்ரியால் கூடம் 'ஸ்ப்ளின்டர் செல்' என்ற தனியாள் ஆட்டத்தை வெளியிட்டு, சாம் ஃபிஷர் என்ற நடுவயது ஒற்றனைப் புகழாக்கியிருந்தது. 2004 மார்ச்சில் அடுத்த பாகம் 'பண்டோரா டுமாரோ' வந்தது. கதைப் பகுதி ஷாங்காயில் தயாரானது; பலர் சேர்ந்து ஆடும் பகுதியை அனெசி செய்தது. கதைப் பகுதியை இன்று நினைப்பவர்கள் குறைவு. அனெசியின் பகுதிதான் வரலாற்றில் நின்றது.

நாலே பேர். இரண்டு ஒற்றர், இரண்டு கூலிக் காவலர். ஒற்றர் அணிக்கு ஷேடோநெட் என்று பெயர். காவலர் அணிக்கு ஆர்கஸ். கிரேக்கப் புராணத்தில் நூறு கண் கொண்ட காவல் பூதத்தின் பெயர் அது. கிடங்கு, தொழிற்சாலை, மருத்துவமனை போன்ற இடங்களில் காவலர்கள் சில கொள்கலன்களைப் பாதுகாக்க வேண்டும். நேரம் முடிவதற்குள் ஒற்றர்கள் அவற்றைச் செயலிழக்கச் செய்யவோ, தூக்கிக்கொண்டு போகவோ வேண்டும்.

புரட்சி நடந்தது கண்ணில். காவலன் உலகைத் தன் கண்வழியே பார்க்கிறான்: முன்னால் துப்பாக்கிக் குழல், சுற்றி ஒரு வட்டம் டார்ச் வெளிச்சம், முதுகுக்குப் பின்னால் சூனியம். ஒற்றனை ஆடுபவருக்கோ கேமரா அவன் முதுகுக்கு மேலே மிதக்கிறது. தன்னையும் பார்க்கலாம், மூலை திரும்புமுன் மூலைக்கு அந்தப் பக்கத்தையும் எட்டிப் பார்க்கலாம். ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு விதமான பார்வை. காவலனுக்குச் சுடத் தெரியும், ஏறத் தெரியாது. ஒற்றன் குழாயில் ஏறுவான், கூரையில் தொங்குவான், காற்றுக்குழாய்க்குள் ஊர்வான். ஆனால் அவன் துப்பாக்கி ஷாக் அடிக்கும், கொல்லாது. நேருக்கு நேர் வந்தால் ஒற்றன் காலி. பின்னால் வந்தால் காவலன் காலி.

கருவிகளும் இதே தராசில்தான். காவலனுக்கு அசைவைக் காட்டும் கண்ணாடி உண்டு: ஓடினால் தெரிவாய், சிலையாக நின்றால் தெரிய மாட்டாய். மின்கருவிகளைக் காட்டும் கண்ணாடியும் உண்டு: இருட்டில் பார்க்க ஒற்றன் தன் கண்ணாடியைப் போட்ட மாத்திரத்தில் அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கும். காவலனுக்கும் விலை உண்டு. டார்ச் அடித்தால் இருட்டு விலகும், ஆனால் அவன் எங்கே நிற்கிறான் என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். பார்க்க வேண்டுமென்றால் தன்னைக் காட்டியாக வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான ஒரே சட்டம் இது.

எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தது ஒரு சின்ன வசதி. ஆடுபவர்கள் காதில் மைக் மாட்டியிருப்பார்கள். குரல் பொதுவாகத் தன் அணிக்கு மட்டும் கேட்கும். ஒற்றன் பின்னால் வந்து காவலனின் கழுத்தைப் பிடித்த கணத்தில், அவன் குரல் அந்தக் காவலனின் காதுக்குள் திறக்கும். எங்கோ ஒரு நாட்டில், இருட்டறையில் தனியாக உட்கார்ந்து ஆடும் ஒருவர் காதருகே முன்பின் தெரியாத ஒருவர் மெதுவாகப் பேசுவார். பிறகுதான் கழுத்து திரும்பும். அந்தக் குரலைக் கேட்டவர்கள் யாரும் மறந்ததில்லை.

கிணற்றுக்குள் ஒரு காவலன்

புதிதாக ஆடுபவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: துப்பாக்கி காவலனிடம், எனவே பயம் ஒற்றனுக்கு. நடந்தது தலைகீழ். ஒற்றனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும், காவலன் எங்கே என்றும் பெரும்பாலும் தெரியும். காவலனுக்கு எதுவும் தெரியாது. எங்கோ அலாரம் அடிக்கும், ஓடுவான், அங்கே யாருமில்லை. திரும்பி வருவதற்குள் இங்கே வேலை முடிந்திருக்கும். பத்து நிமிடத்தில் நிழலைச் சுடுவான், புகையைச் சுடுவான், கூட்டாளியையே சுடப் போவான். எந்திரக் காவலனிடம் என்றும் வராத ஒன்று இவனிடம் வந்தது: பீதி.

கோவளம் இதையும் முன்பே பார்த்துவிட்டது. தந்திரத்தால் பிடித்த கோட்டையை மீட்க 1752-ல் ராபர்ட் கிளைவ் படையெடுத்து வந்தார். அவரிடம் இருந்தது ஐந்நூறு சிப்பாய்கள், லண்டன் தெருவிலும் சிறையிலும் பொறுக்கி எடுத்துக் கப்பலேற்றிய இருநூறு புது ஐரோப்பியர்கள். கோவளத்தையும் செங்கல்பட்டையும் குறிவைத்த அந்தப் படையெடுப்பில் நடந்ததாக வரலாற்றாசிரியர் மெக்காலே ஒன்றைச் சொல்கிறார். கிளைவின் படையில், பீரங்கிச் சத்தம் கேட்டு மிரண்ட காவல் வீரர்களில் ஒருவனைக் காணவில்லை. சில மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தார்கள், ஒரு கிணற்றின் அடியில்.

கையில் துப்பாக்கி இருந்தும் கிணற்றில் இறங்கிய அந்த மனிதனைக் கோழை என்று சிரித்துவிடலாம். 2004-ல் காவலன் பக்கம் ஒரு சுற்று ஆடியவர் சிரிக்க மாட்டார். எதிரி எங்கே என்று தெரியாதபோது துப்பாக்கி வெறும் இரும்பு.

நிழல் வரையத் தெரியாத கணினிகள்

அந்த ஆட்டம் தமிழ்நாட்டுக்கு ஏன் வரவில்லை? வந்தது; வாசலோடு திரும்பிப் போய்விட்டது.

முதல் தடை இணையம். 'பண்டோரா டுமாரோ' வந்த அதே 2004-ல் இந்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது அந்தக் கொள்கை. பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் அடுத்த ஆண்டுதான் வந்தது. இந்த ஆட்டத்தின் தாய்வீடான எக்ஸ்பாக்ஸ் பெட்டியை மைக்ரோசாஃப்ட் இந்தியாவில் முறையாக விற்கவே இல்லை. அடுத்த தலைமுறைப் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360 தான் 2006-ல் இங்கே கடைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ-டூ-ஐ கடலடிக் கேபிள் 2002-லேயே போடப்பட்டுவிட்டது. கடலுக்கடியில் வெள்ளம், வீட்டுக் குழாயில் சொட்டு.

ஆகவே நம் ஆட்டக்களம் பிரவுசிங் சென்டர். பழைய மாமல்லபுரம் சாலை ஐ.டி. சாலையாக மாறிக்கொண்டிருந்த நாள்கள். படூர், களவாக்கம் பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரிப் பிள்ளைகள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து குதித்து நேராக வந்து சேரும் ஒரு சென்டரில் நானும் ஓர் இருக்கை தேய்த்திருக்கிறேன். எட்டு கணினி, ஒட்டுப்பலகைத் தடுப்பு, மணிக்கு இருபது ரூபாய், கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்தத் தொடங்கும் முன் "சேவ் பண்ணிக்கோங்கப்பா" என்று உரிமையாளர் கத்துவார். எட்டிலும் கவுன்டர் ஸ்ட்ரைக்.

2005-ல் 'ஸ்ப்ளின்டர் செல்' மூன்றாம் பாகமான 'கேயாஸ் தியரி' வந்தது; இதிலும் பலர் ஆடும் பகுதி அனெசியின் கைவண்ணம்தான். யாரோ ஒரு சீனியர் டிஸ்க் கொண்டுவந்தார். ஏழு கணினிகள் அதைத் திறக்கவே மறுத்துவிட்டன. காரணம் எளிது. ஒளி விழும் விதத்தையும் நிழல் நகரும் விதத்தையும் கணக்கிட, ஷேடர் வசதியுள்ள கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். எங்கள் கணினிகளில் இருந்ததோ மதர்போர்டோடு ஒட்டிப் பிறந்த மலிவுச் சில்லு. கவுன்டர் ஸ்ட்ரைக் அட்டையே இல்லாத கணினியிலும் ஓடும். அதற்கு நிழல் ஓர் அலங்காரம். இந்த ஆட்டத்துக்கு நிழல்தான் மைதானம். நிழல் வரையத் தெரியாத கணினியில் ஒளிய இடம் ஏது? உரிமையாளர் மகன் தனக்கென்று வைத்திருந்த எட்டாவது கணினியில் மட்டும் ஆட்டம் திறந்தது. நாலு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தை ஒருவன் ஆட, மூன்று பேர் பின்னால் நின்று பார்த்தோம்.

எட்டுக் கணினியிலும் நல்ல அட்டை இருந்திருந்தால்கூட நடந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். ஒட்டுப்பலகைத் தடுப்பு தோள் உயரம். கொஞ்சம் சாய்ந்தால் பக்கத்துத் திரை முழுசும் தெரியும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் அன்றாடம் எழுந்த முழக்கமே அதுதான்: "டேய், ஸ்கிரீன் பாக்காத டா!" எதிராளி மறைந்திருக்கும் இடத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தற்செயலாகக் கண்டுபிடித்தவன்போல நடிக்கும் கலையில் எங்களுக்குள் சிலர் நடிகர் திலகங்கள். துப்பாக்கி ஆட்டத்தில் அது சின்னத் திருட்டு. சண்டை மூண்டாலும் அடுத்த சுற்றில் மறந்துபோகும். ஒற்றன் காவலன் ஆட்டத்தில் அந்த ஒரு பார்வையோடு ஆட்டமே முடிந்துபோகும். பார்க்கிறான், பார்க்கப்படுகிறான் என்பதைத் தவிர அதில் வேறு சரக்கு கிடையாது. மேற்கே தனித்தனி அறையில், தனித்தனித் திரையில் வளர்ந்த ஆட்டம் அது. எங்கள் ஆட்டமோ தோளோடு தோள் உரசி வளர்ந்தது.

இருட்டிலிருந்து கூட்டத்துக்கு

மேற்கிலும் இந்த ஆட்டம் பெருங்கூட்டம் சேர்க்கவில்லை. கற்றுக்கொள்ளக் கடினம். தேர்ந்த ஒற்றன் ஒருவன் வந்துவிட்டால் புதிய காவலன் ஒரு மணி நேரம் ஒன்றையும் பார்க்காமல் செத்துக்கொண்டே இருப்பான். மறுநாள் வர மாட்டான். நாலு பேர் ஆட்டத்தில் ஒருவர் விலகினாலே சுற்று கெட்டது. 2006-ல் வந்த அடுத்த பாகம் 'டபுள் ஏஜென்ட்' மூவருக்கு மூவர் என்று விரித்து, விதிகளை எளிதாக்கிப் பார்த்தது. பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். புதியவர்கள் பெரிதாகத் திரளவில்லை.

2010 ஏப்ரல் 13. அமெரிக்காவில் அடுத்த பாகம் 'கன்விக்‌ஷன்' கடைக்கு வந்தது. ஒற்றர்-காவலர் பகுதி அதில் இல்லை. இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 15-ல், பழைய எக்ஸ்பாக்ஸுக்கான இணையச் சேவையை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 'பண்டோரா டுமாரோ', 'கேயாஸ் தியரி' இரண்டும் பிறந்த வீடு அது. டிஸ்க் கையில் இருந்தது; எதிரே ஆட ஆளில்லை. புத்தகத்தைப் பூட்டிவைத்தாலும் நூறு ஆண்டு கழித்து எடுத்துப் படிக்கலாம். எதிராளி தேவைப்படும் ஆட்டத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

அதே ஆண்டு நவம்பரில் கதை திரும்பியது, திருப்பியதும் அதே அனெசிதான். 'அசாசின்ஸ் கிரீட்: பிரதர்ஹுட்' ஆட்டத்தில் பலர் ஆடும் பகுதியை அவர்களிடம் கொடுத்தார்கள். இம்முறை இருட்டு கிடையாது. பட்டப்பகல், நெரிசலான சந்தை. அச்சு அசல் உங்களைப் போலவே உடுத்திய எந்திர மனிதர்கள் தெருவெங்கும் நடக்கிறார்கள். உங்களைக் கொல்ல ஒருவர் தேடி வருகிறார். நீங்களும் ஒருவரைத் தேடுகிறீர்கள். யார் மனிதர், யார் எந்திரம்? ஓடினால் மாட்டிக்கொள்வீர்கள். எந்திரம்போல நிதானமாக, கொஞ்சம் அசட்டுத்தனமாக நடந்தால் தப்புவீர்கள்.

ஒளிந்துகொள்ள உலகில் இரண்டே வழி: இருட்டு, வேடம். வெட்சி வீரன் இருட்டில் போனான். கோவளத்து முப்பது பேர் வேடத்தில் போனார்கள். அனெசி 2004-ல் முதல் வழியையும் 2010-ல் இரண்டாம் வழியையும் எடுத்தது. இரண்டாம் வழிக்கு ஒரு வசதி உண்டு. தெருவை எந்திரங்கள் நிரப்பிவிடுவதால், ஆள் குறைந்தாலும் ஊர் களைகட்டும்.

அதற்குப் பிறகு பெரும்பாலும் வேடத்தின் காலம். 2013-ல் டொரன்டோவில் உருவான 'ஸ்ப்ளின்டர் செல்: பிளாக்லிஸ்ட்' இருட்டு ஆட்டத்தை மீட்டு, பழைய பாணி இருவருக்கிருவரையும் நால்வருக்கு நால்வரையும் சேர்த்தே தந்தது. அதோடு அந்த வரிசை மௌனமானது. கிறிஸ் ஹெக்கர் பல ஆண்டுகள் இழைத்த 'ஸ்பைபார்ட்டி' 2018-ல் பரவலான விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு விருந்து. எந்திர விருந்தினர்களுக்கு நடுவே ஒரே ஒரு மனித ஒற்றன். வெளியே துப்பாக்கியோடு ஒரு மனிதக் காவலன், கையில் ஒரே குண்டு. தவறான ஆளைச் சுட்டால் தோல்வி. ஆர்கஸின் நூறு கண் இங்கே ஒரு குண்டாகச் சுருங்கிவிட்டது. அதே 2018-ல் வெளியாகி, 2020 ஊரடங்கில் நம் வீடுகளுக்குள் செல்போன் வழியாக நுழைந்த 'அமாங் அஸ்' இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. கூட்டத்தில் ஒருவன் துரோகி. பேசிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். வேடமும் போய் வெறும் பொய் மட்டும் மிஞ்சிய வடிவம்.

கேமராவைப் பார்க்கக் கூடாது

கேளம்பாக்கத்துக்கே திரும்பி வருவோம். வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் மதில், கேட், சீருடைக் காவலர், வருகைப் பதிவேடு. உணவு கொண்டுவரும் தம்பி எந்த வீடு, எந்தத் தளம் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வடக்கே சிறுசேரியில் 2022-ல் அதானிகானெக்ஸ் தரவு மையம் திறந்தது. ஒருகாலத்தில் 256 கிலோபிட்டைக் கனவு கண்ட சாலை இது. நிழல் வரையத் தெரிந்த சில்லு இன்று பையன்களின் செல்போனிலேயே இருக்கிறது.

ஆனாலும் சென்ற வாரம் எங்கள் குடியிருப்பில், ஒரு மாலை, கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் பிள்ளைகள் ஐஸ் பாய் ஆடிக்கொண்டிருந்தார்கள். தூணுக்குத் தூண் கேமரா. தேடும் முறை வந்த சிறுவன் இருபது வரை எண்ணிவிட்டு, தேடாமல் நேராகக் காவலர் அறைக்கு ஓடினான். அங்கே சுவரில் பதினாறு கட்டமாகப் பிரிந்த திரை. "அங்கிள், ஒரே ஒரு வாட்டி பாத்துக்கறேன் அங்கிள்." காவலர் சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்தப் போனார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறுமி ஒருத்தி வெளியே வந்தே விட்டாள். மாட்டிக்கொள்வோம் என்ற கவலைகூட இல்லை. "டேய், கேமரா பாக்கக் கூடாது! அது ஆட்டமே இல்ல!"

கோவளத்தில் நோயாளிகளாக நடித்தவர்கள் காவலர்களோடு எந்த விதியும் பேசிக்கொள்ளவில்லை, அது போர். வெட்சிக்கும் கரந்தைக்கும் இலக்கணம் இருந்தது, ஆனால் செத்தவன் எழுந்து வரவில்லை. ஒற்றன் காவலன் ஆட்டம் அந்தப் போரிலிருந்து இருட்டையும் வேடத்தையும் பயத்தையும் எடுத்துக்கொண்டு, ஒன்றே ஒன்றைப் புதிதாகச் சேர்த்தது. பார்க்க முடிந்ததைப் பார்க்காமல் இருப்பது என்று இரு தரப்பும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அதை நிரலாக எழுதினார்கள். எங்கள் பிரவுசிங் சென்டரில் கத்திக் கத்தியே பெற்றோம்.

அந்தச் சிறுவன் காவலர் அறை வாசலில் ஒரு நொடி நின்றான். பிறகு தூணுக்குத் திரும்பி, கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

(அடுத்த வாரம்: நூறு பேர் ஒரு தீவில் குதித்த கதை. பப்ஜி நம் தெருக்களைப் பிடித்ததும், 2020 செப்டம்பரில் தடைபட்டதும்.)

தொடரும்